யார் வைத்த முறை? – 'வாழ்க்கை முறை' என்ற சொல்லும் நமது விமர்சனமும்

நூல் விமர்சனம் எழுதுவதற்கு இப்போதெல்லாம் நூலை முழுதாக வாசிக்க வேண்டியதில்லை. மலையகச் சிறுகதைத் தொகுதி கைக்கு வந்தால் 'தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கை முறையை அப்படியே படம்பிடித்துக் காட்டுகிறார்' என்று எழுதிவிடலாம். கிழக்கிலிருந்து வந்தால் 'கரையோர முஸ்லிம்களின் வாழ்க்கை முறையை மண்வாசனையோடு சித்திரிக்கிறார்' எனலாம். கண்டியிலிருந்து வந்தால் மண்வாசனைக்குப் பதிலாக மலைச்சாரல். வெளியீட்டு விழாவில் நயவுரை நிகழ்த்துபவரும் இதையே சொல்வார், நன்றியுரை வழங்குபவரும் இதையே சொல்வார். ஆசிரியர் மகிழ்ந்துபோவார்.

பிறரைக் குறை சொல்லவில்லை. நானும் இதைச் செய்தவன்தான். பல ஆண்டுகளுக்கு முன்னர் தேயிலைத் தோட்டங்களைக் களமாகக் கொண்ட ஒரு கதைத் தொகுதிக்கு நான் எழுதிய மதிப்புரையில், இரண்டு பக்கங்களுக்குள் 'வாழ்க்கை முறை' ஐந்து இடங்களில் வந்திருந்தது. எண்ணிக் காட்டியவர் புசல்லாவையில் வசித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கம்பளையில் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தபோது என்னை ஓரமாகக் கூட்டிச்சென்று கேட்டார்:

“தம்பி, நல்லா எழுதியீக்கிறீங்க. ஒண்டு மட்டும் கேக்கோணும். வாழ்க்கை முறை, வாழ்க்கை முறை எண்டு செல்லியீக்கிறீங்களே, அது ஆரு வெச்ச முறை?”

“பொதுவா எழுதுற சொல்தானே ஸேர்” என்றேன்.

“பொதுவா எழுதுறதுதான் கரச்சல்” என்றவர், பிரியாணி சஹனுக்கு ஆள் குறைவதாக யாரோ கூப்பிட எழுந்து போய்விட்டார். அன்று அந்தக் கேள்வி எனக்குச் சற்று எரிச்சலையே தந்தது. சொற்பிடிவாதம் பிடித்த பழைய வாத்தியார் என்று நினைத்துக்கொண்டேன். பின்னர் எந்தப் பேனையை எடுத்தாலும் அந்தக் கேள்வி வந்து குந்திக்கொள்கிறது.

'முறை' என்பது தமிழில் சுமை கூடிய சொல். ஒழுங்கு முறை. நீர்ப்பாய்ச்சலில் ஒருவருக்கு வரும் முறை. உறவில் முறை, அதிலிருந்து முறை மச்சான், முறைப்பெண். அரசன் முறை செய்வான் என்றால் நீதி வழங்குவான் என்று பொருள். நமது நாட்டில் பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் கொடுப்பது 'முறைப்பாடு'. இத்தனை பொருளிலும் பொதுவாக ஒன்று உண்டு: முறை என்றால் அதை வகுத்தவர் ஒருவர் இருப்பார், ஏற்றுக்கொண்டவர்கள் இருப்பார்கள், மீறினால் கேட்பதற்கு ஓரிடம் இருக்கும். நீர்ப்பாய்ச்சல் முறையை ஊர் வகுத்தது. மச்சான் முறையைக் குடும்பங்கள் வகுத்தன. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் மூன்று தலைமுறை சேர்ந்து உறங்குவதை வகுத்தவர் யார்? அங்கே உறங்குகிறவர் அல்லர். அதை 'அவர்களது வாழ்க்கை முறை' என்று எழுதும்போது, வகுத்தவரை அழித்துவிட்டு அனுபவிக்கிறவரின் பெயரில் அந்த முறையைப் பதிந்துவிடுகிறோம். ஆசிரியர் கேட்டது இதைத்தான் என்று விளங்க எனக்குச் சில காலம் எடுத்தது.

'வாழ்க்கை' என்ற பாதியையும் கவனிக்க வேண்டும். திருக்குறளின் 'இல்வாழ்க்கை', 'வாழ்க்கைத் துணைநலம்' என்னும் அதிகாரத் தலைப்புகளில் அதற்குள் வீடு இருக்கிறது. ஒரு பெண் 'வாழ்க்கைப்பட்டாள்' என்றால் ஒரு வீட்டுக்குப் போனாள் என்று பொருள். கணவன் வீட்டில் இருக்க முடியாமல் திரும்பி வந்தவளை 'வாழாவெட்டி' என்று இரக்கமின்றி அழைத்த சமூகம் இது. அந்தச் சொல்லிலும் வாழ்வது என்பது ஒரு வீட்டில் இருப்பதுதான். மலையக இலக்கியத்தின் மூத்த பெயர்களில் ஒருவரான சி.வி.வேலுப்பிள்ளை தமது நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயர் வைத்தார். தி.ஞானசேகரன் ஒரு நாவலுக்கு 'லயத்துச் சிறைகள்' என்றும், இன்னொன்றுக்குத் தேயிலைச் செடியின் கிளை வெட்டும் வேலையைக் குறிக்கும் 'கவ்வாத்து' என்றும் பெயரிட்டார். வீடற்றவன், சிறை, வெட்டு. படைப்பாளிகள் தெரிந்தெடுத்த சொற்கள் இவை. விமர்சகர்களாகிய நாம் இவற்றையெல்லாம் வாசித்துவிட்டு 'வாழ்க்கை முறை' என்று மொழிபெயர்க்கிறோம்.

மொழிபெயர்ப்பு என்று தெரிந்தே சொல்கிறேன். நாம் எழுதும் 'வாழ்க்கை முறை' பெரும்பாலும் ஆங்கில 'லைஃப்ஸ்டைல்' தமிழ் உடுப்பில் வருவதுதான். 'ஸ்டைல்' என்பதன் மூலம் லத்தீன் 'ஸ்டைலஸ்'. மெழுகுப் பலகையில் எழுதப் பயன்பட்ட கூரிய கோல், நமது எழுத்தாணி. எழுத்தாணியிலிருந்து எழுத்து நடைக்கும், அதிலிருந்து நடையுடை பாவனைக்கும் அந்தச் சொல் நகர்ந்தது. ஜேர்மானியச் சிந்தனையாளர் ஜோர்ஜ் ஸிம்மல் 1900இல் வெளியிட்ட 'பணத்தின் தத்துவம்' என்னும் நூலின் கடைசி அத்தியாயம் வாழ்க்கையின் பாணியைப் பற்றியது. பணம் புழங்கும் நகரத்தில் மனிதர் தம்மை எவ்வாறு வேறுபடுத்திக் காட்டுகின்றனர் என்பது அவருடைய அக்கறை. உளவியலாளர் அல்பிரட் அட்லர் இருபதுகளில் இதே சொல்லை ஒரு தனிமனிதனின் குணவார்ப்புக்குப் பயன்படுத்தினார். பின்னர் விளம்பரக்காரர் கையில் அது சவர்க்காரத்திலிருந்து கார் வரை விற்றது. 1979இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு இந்த ரசனைகளெல்லாம் வர்க்கத்தின் முத்திரைகளே என்று விரிவாக எழுதினார். அவர் சொன்னதில் நமக்கு வேண்டிய பகுதி ஒன்றுண்டு: கையில் வசதி உள்ளவன் தெரிவு செய்கிறான், வசதி இல்லாதவனோ தவிர்க்க முடியாததையே தனது விருப்பம்போல ஏற்றுக்கொள்ளப் பழகுகிறான்.

ஆக, எழுத்தாணி யார் கையில் என்பதுதான் கேள்வி. தன் வாழ்வைத் தானே எழுதுகிறவனுக்கு ஸ்டைல் உண்டு. பிறர் எழுதிய வாழ்வைச் சுமப்பவனுக்கு நமது ஊர்களில் பழைய சொல் ஒன்றிருக்கிறது: தலையெழுத்து. நாம் 'நஸீபு' என்போம். இரண்டிலும் எழுத்து உண்டு, எழுதியவன் வேறு.

புசல்லாவையில் இந்த வேறுபாட்டை றோட்டிலேயே காணலாம். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் அந்தக் கடைவீதி நீண்டு கிடக்கிறது. அதை ஒட்டிய ரொத்சைல்ட் தோட்டத்தின் பெயரைப் பலரும் அறிவர். அந்த வங்கிக் குடும்பத்தின் உறவினரான வோர்ம்ஸ் சகோதரர்கள் 1840களில் இங்கே கோப்பி பயிரிட்டனர். சீனத் தேயிலைக் கன்றுகளை நட்டுப் பார்த்தவர்களும் அவர்களே. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை மலையெங்கும் பரவியது. துரையின் பங்களாவுக்கு ஸ்டைல் இருந்தது: புல்தரை, ரோஜாப் பாத்தி, அப்பு பரிமாறும் மாலைத் தேநீர். லயத்தில் இருந்ததற்கு அங்குள்ளவர்களே வைத்த பெயர் 'பொழப்பு'. இன்றும் 'நம்ம பொழப்பு' என்றுதான் சொல்வார்கள். 'எங்கள் வாழ்க்கை முறை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது அந்தப் பங்களாக்களில் சில உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகள். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையே தொண்ணூறுகளில் ஹோட்டலாகிவிட்டது. தோட்டத்து 'லைஃப்ஸ்டைல்' இரவுக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது. லயத்தில் ஓர் இரவு தங்குவதற்குக் கட்டணம் வைத்தவர் எவரும் இல்லை.

இந்தச் சொல் இன்று அதிகம் கேட்கும் இடம் இலக்கிய மேடையல்ல, ஆஸ்பத்திரி. நீரிழிவு, பிரஷர், மாரடைப்பு முதலியவற்றை வைத்தியர்கள் 'வாழ்க்கைமுறை நோய்கள்' என்கின்றனர். 2011 முதல் சுகாதார அமைச்சு நாடெங்கும் 'ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்' நிலையங்களை அமைத்து, தொற்றா நோய்களுக்கான பரிசோதனைகளை நடத்திவருகிறது. அது நல்ல பணி. அதனால் நோயை நேரத்தோடு அறிந்தவர்கள் எத்தனையோ பேர். எனது குறை பணியில் இல்லை, சொல்லில்தான். மலையகக் கிளினிக் ஒன்றில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருவருக்கு நடந்த உரையாடலை எனது உறவுக்காரப் பெண் நேரில் கண்டு சொன்னார். சீனியைக் குறைக்க வேண்டும், மாச்சாப்பாட்டைக் குறைக்க வேண்டும், தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும், வாழ்க்கை முறையை மாற்ற வேண்டும் என்று புத்திமதி சொல்லப்பட்டது. அந்தப் பெண் கேட்டாராம்: “காலையில பெரட்டுக்குப் போனதுல இருந்து மலையிலதான் ஏறி எறங்குறேன் மிஸ்ஸி. இன்னும் எங்க நடக்கச் சொல்றீங்க?”

சிரித்துவிட்டுப் போகக்கூடிய பதில் அல்ல இது. ரொட்டியும் சீனி கூடிய சாயத்தண்ணியும் லயத்துக்கு எப்படி வந்தன? ஆசையால் வந்தவையல்ல. அரிசியும் மாவும் தோட்டத்தால் கொடுக்கப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. 1973, 74 தட்டுப்பாட்டில் நகரத்தார் பாணுக்கு வரிசையில் நிற்க, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. விடியற்காலையில் சுட்டுக்கொண்டு மலைக்கு எடுத்துப்போகத் தோதானது ரொட்டி. குளிரில் விரைவாகத் தெம்பு தருவது சீனி. நிர்ணயித்த கிலோ பறிக்காவிட்டால் 'அரைப்பேர்' விழும். தோட்டத்துக்குத் தோட்டம் அது 18 கிலோ, 20 கிலோ என்று மாறும். நாட்சம்பளம் 1000 ரூபாவானது 2021இல், பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு. அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவானது 2024இல். அதற்கிடையில் 2022இன் நெருக்கடி விலைகளை எங்கே கொண்டுபோய் விட்டிருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். கீரையும் மீனும் குரக்கனும் சாப்பிடும்படி சொல்வது சரியான வைத்தியம். ஆனால் அந்தப் பெண் தெரிவு செய்யாத ஒன்றை அவளுடைய 'முறை' என்று பெயரிட்டால் நோய்க்கான பழியும் அவள் தலையில் வந்துவிடுகிறது.

நமது வாசகருக்கு இது அந்நியமான அனுபவமும் அல்ல. பயான்களில் 'வாழ்க்கை நெறி' என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். தீன் என்பதற்குத் தமிழில் அமைந்த சொல் அது. நெறி என்றால் வழி. அதில் நடப்பவர் ஒருவர், போய்ச்சேரும் இடம் ஒன்று. நாமாக ஏற்றுக்கொண்டதால் அதை நெறி என்கிறோம். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர் அதே விஷயத்தை 'முஸ்லிம்களின் வாழ்க்கை முறை' என்று சொல்லும்போது என்ன நடந்தது என்பதையும் கண்டோம். 2013இன் ஹலால் சான்றிதழ்ச் சர்ச்சையில் நமது சாப்பாடு 'வாழ்க்கை முறை'யானது. 2018 மார்ச்சில் திகனையிலும் கண்டியின் அயலூர்களிலும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபின், நமது வியாபாரம் 'வாழ்க்கை முறை'யானது. 2019 ஏப்ரலுக்குப் பின்னர் தொலைக்காட்சி விவாதங்களில் நமது உடுப்பும் பெயர்களும் பிள்ளைகளின் பாடசாலையும் அந்த ஒரு சொல்லுக்குள் கட்டப்பட்டு மேசையில் வைக்கப்பட்டன. சம்பந்தப்பட்டவர் அறையில் இல்லாமலே அவரைப் பற்றிப் பேச உதவும் சொல் அது. அந்த மேசையின் மறுபக்கத்தில் நாம் உட்கார்ந்து, லயத்து மக்களைப் பற்றி அதே சொல்லில் மதிப்புரை எழுதுவது எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

சரி, நம்மைப் பற்றி நாமே எழுதும்போதாவது நிலைமை வேறா? 'கண்டி முஸ்லிம்களின் வாழ்க்கை முறையைச் சித்திரிக்கும்' கதைகள் என்று நாம் பாராட்டுபவற்றை எடுத்துப் பாருங்கள். நோன்புக் கஞ்சி வரும், வட்டிலப்பம் வரும், மருதாணி இரவு வரும், உம்மும்மாவின் வெற்றிலைத் தட்டு வரும். வாப்பா எதை விற்றார், எவருக்கு விற்றார், கடன் எவ்வளவு நிலுவை என்பது வருவதில்லை. சாப்பாட்டு மேசை இருக்கிறது, கல்லாப்பெட்டி இல்லை. இது நேற்று வந்த வழக்கமும் அல்ல. தமிழின் ஆரம்ப நாவல்களுள் ஒன்றான 'அசன்பே சரித்திர'த்தை 1885இல் தந்தவர் கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெவ்வை. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை 1882இல் தொடங்கிச் சமூகத்தின் கல்விக்காகவே உழைத்த அந்தப் பெருமகனின் நாவல் எகிப்திலும் இந்தியாவிலும் உலாவுகிறது. அவர் நடந்த கண்டித் தெருக்களின் கடைகள் அதில் இல்லை. கோப்பி அழிந்து தேயிலை எழுந்துகொண்டிருந்த காலம் அது. மலையடிவாரத்துக் கடைவீதிகளில் நமது மூத்தோர் கடை போட்டுக்கொண்டிருந்தனர். அவர்மீது குற்றம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவருடைய தேவை வேறு, காலம் வேறு. அவருக்குப் பின்வந்த நூறு ஆண்டுகளைப் பற்றித்தான் என் கேள்வி.

கேள்வி எனக்குள்ளும் திரும்புகிறது. எழுபதுகளின் கடைசியில், பாடசாலை விடுமுறை விட்டால் என்னைப் புசல்லாவைக்கு அனுப்புவார்கள். மாமாவுக்கு அங்கே சில்லறைக் கடை. எனது கையெழுத்து நன்றாக இருந்ததால் கடன் கொப்பி எழுதும் வேலை எனக்கு. மாமா சொல்லச் சொல்ல எழுதுவேன். ஆட்களின் பெயர் எழுதுவது குறைவு. 'மேக்கணக்கு, மூணாம் லயம், ரெண்டாம் காம்பரா' என்பதே தலைப்பு. அதன் கீழே ஒரு கொத்து மா, அரை ராத்தல் சீனி, கால் போத்தல் மண்ணெண்ணெய், கருவாடு, வெற்றிலை. “நானா, சம்பளத்துக்குத் தந்திர்றேன்” என்பது அதன் ஒப்பந்தம். சம்பள நாளில் ஆட்கள் இறங்கி வருவார்கள். பாதி தீர்ப்பார்கள், மிச்சம் அடுத்த பக்கத்துக்கு ஏறும்.

அந்தக் கொப்பியை வாசிக்கத் தெரிந்தால் மலையில் நடப்பது எல்லாம் தெரியும். கொழுந்து குறைந்த மாதத்தில் சீனி அரையிலிருந்து காலாகும். பிள்ளை பிறந்த காம்பராவில் திடீரென்று பால்மா வரும், இரண்டு மாதத்தில் நின்றுபோகும். தீபாவளிக்கு முற்பணம் கிடைத்ததும் பழைய கடன் கொஞ்சம் தீரும், புதிதாகப் புடைவைக் கடன் தைப்பொங்கல் தாண்டி ஓடும். இந்தியாவுக்குப் போகப் பெயர் பதிந்தவர்களுக்கு மாமா கடனை நிறுத்திவிடுவார். 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் எனக்கு முதலில் தெரியவந்தது சரித்திரப் பாடத்தில் அல்ல, மாமா குறுக்கே கோடு போடச் சொன்ன பக்கங்களில்தான். ஒரு கோட்டைப் போட்டபோது அந்தக் காம்பராவின் கிழவி கடை வாசலிலேயே நின்றாள். “என்ன மன பாக்கிற, எழுது” என்றார் மாமா. கோடு போட்டேன்.

எனது மதிப்புரையில் இவற்றில் ஒன்றுமே இல்லை. கொப்பி எழுதிய கைதான் மதிப்புரையையும் எழுதியது. தொகுதியின் ஒரு கதையில் கடைக்கார நானா ஒருவர் வந்தார், கடன் தர மறுக்கும் இரண்டு வரிப் பாத்திரமாக. அதை நான் 'தோட்ட வாழ்க்கை முறையின் ஓர் அங்கம்' என்று எழுதி நகர்ந்திருந்தேன். அந்த நானா ஏன் மறுத்தார், கண்டி மொத்த வியாபாரிக்கு அவர் கொடுக்க வேண்டியது எவ்வளவு, மறுத்த இரவில் அவர் வீட்டில் என்ன பேசினார்கள் என்பதைக் கதாசிரியர் எழுதவில்லை. அதை அறிந்திருக்கக்கூடிய விமர்சகனாகிய நான் கேட்கவுமில்லை. கடைக்காரனும் லயத்துக்காரனும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். அதை எழுத நம்மில் யாராவது வர வேண்டும். தோட்டத்திலிருந்து எழுத வந்தவர்கள் தம் பக்கத்தை எழுதிவிட்டார்கள்.

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அண்மையில் புசல்லாவைக்குப் போயிருந்தபோது, புடைவைக் கடைப் பெயர்ப்பலகையொன்றில் 'லைஃப்ஸ்டைல்' என்று பெரிய எழுத்தில் கண்டேன். உள்ளே கொழும்பில் வேலை செய்து விடுமுறைக்கு வந்த தோட்டத்துப் பிள்ளைகள் இருவர் டெனிம் தெரிந்துகொண்டிருந்தனர். ஒருத்தி மற்றவளிடம், “இதெல்லாம் அம்மாவுக்குப் பிடிக்காது, இது நம்ம ஸ்டைல்” என்றாள். அவளுக்கு அந்தச் சொல் பொருந்துகிறது. தன் சம்பளத்தில் தானே தெரிந்தெடுத்த ஒரு சட்டை. அவளைப் 'பொழப்பு' என்ற சொல்லுக்குள் திரும்பத் தள்ளுவதும் ஒரு வகை அநியாயம். தோட்டத்து மனிதர் என்றால் துயரத்தோடுதான் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் விமர்சனமும் நம்மிடம் இருக்கிறது. அது இன்னொரு கட்டுரைக்குரிய விஷயம். 2023இல், வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர் 'மாண்புமிகு மலையக மக்கள்'. தங்களைக் குறிக்கத் தாங்களே தேடிய சொல் அது. அதில் முறையும் இல்லை, பாணியும் இல்லை.

சொல்லைத் தடைசெய்யும்படி நான் கேட்கவில்லை. தொகுதியொன்றில் பாத்திரம் எதையாவது தெரிவு செய்கிற இடத்தில் 'வாழ்க்கை முறை' என்று தாராளமாக எழுதுவோம். தெரிவே இல்லாத இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதலாம்: அரைப்பேர், கொந்தரப்பு, கைக்காசு, காம்பரா, பிள்ளைக் காம்பரா. இவை அகராதியில் ஒழுங்காக ஏறாத சொற்கள்தான். ஆனால் ஒவ்வொன்றையும் யார் வைத்தார்கள் என்று சொல்லிவிட முடியும். 'படம்பிடித்துக் காட்டுகிறார்' என்பதையும் இதோடு விட்டால் நல்லது. படம்பிடிப்பவர் றோட்டில் நின்றுகொண்டல்லவா பிடிக்கிறார்.

அந்தப் பயணத்தில் மாமாவின் கடை இருந்த இடத்தையும் பார்த்தேன். கடை எப்போதோ கைமாறி, இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். கொப்பிகள் என்னவாயின என்று மச்சானிடம் கேட்டேன். கடையை மூடும்போது ஒரு சாக்கு நிறைய இருந்தனவாம். மாமி அவற்றை நிறுத்து, பக்கத்துப் பலசரக்குக் கடைக்கு விற்றுவிட்டார். அங்கே தாளைக் கிழித்துச் சரை சுற்றி, கொத்தமல்லியும் மிளகாய்த்தூளும் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கிப் போனவர்கள் அந்த லயத்து ஆட்கள்தான் என்றான் மச்சான்.